லைட் கேபிள் முனைக்கு ஒரு கம்பிக் காப்பு: அறுவை அரங்கில் நேர்ந்த ஒரு தீக்காயமும் அதன்பின் உருவான கருவியும்

பின்னணி

லேப்ராஸ்கோப்பி அறுவை (வயிற்றில் போட்ட சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) நடக்கும் அரங்குகளில் வெளிச்சத்துக்கான ஏற்பாடு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். டிராலியில் லைட் சோர்ஸ் இருக்கும். அதிலிருந்து கண்ணாடி இழைக் கேபிள் ஒன்று வரும். வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் குழாயான ஸ்கோப்பின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய தண்டில் அந்தக் கேபிளின் மறுமுனையை மாட்டுவார்கள். ஸ்கோப்புக்குள் இருக்கும் இழைகள் வழியாக வெளிச்சம் வயிற்றுக்குள் போகும்.

அந்தக் காலத்தில் பல்பே ஸ்கோப்பின் நுனியில் உடலுக்குள் போனது. அதன் சூடு திசுவைச் சுட்டது. 1960-களில் கண்ணாடி இழைகள் புழக்கத்துக்கு வந்த பிறகு பல்பு பெட்டிக்குள் போய்விட்டது. அதோடு சூடும் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது என்ற எண்ணம் பலரிடம் பதிந்துவிட்டது. இங்கே பதிவு செய்யும் நிகழ்வின் வேர் அந்த எண்ணத்தில்தான் இருக்கிறது.

நிகழ்வு நடந்த அரங்கில் இருந்தது 300 வாட் ஸீனான் லைட் சோர்ஸ். கேபிள் 4.8 மில்லிமீட்டர் இழைக்கற்றை கொண்டது. நோயாளியைப் போர்த்தியிருந்தது ஒருமுறை பயன்படுத்தும் நீல நிற பாலிபுரொப்பிலீன் டிரேப். மூன்றுமே உலகெங்கும் புழங்கும் பொருட்கள். எதிலும் பழுது இல்லை. பின்னர் தனித்தனியாகச் சோதித்தபோதும் மூன்றும் சரியாகவே இருந்தன.

அந்த மருத்துவமனையின் கருவிப் பராமரிப்புப் பொறியாளராக இந்த ஆய்வில் நான் இருந்தேன். சம்பவம் நடந்தபோது அரங்கில் இருந்தவர்கள் சொன்னதையும், அன்றைய குறிப்பேட்டையும், எடுத்து வைத்த டிரேப் துண்டையும் கொண்டு இதை எழுதுகிறேன்.

என்ன நடந்தது

நடுத்தர வயதுப் பெண் ஒருவருக்குப் பித்தப்பை அகற்றும் அறுவை. சிக்கல் எதுவும் இல்லாமல் கடைசிக் கட்டம் வரை வந்துவிட்டது. பித்தப்பையைத் தொப்புள் துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும். அந்தத் துளையில்தான் 10 மில்லிமீட்டர் ஸ்கோப் இருந்தது. ஆகவே அதை எடுத்துவிட்டு, பக்கத்துத் துளை வழியாக 5 மில்லிமீட்டர் ஸ்கோப்பை விட்டுப் பார்த்தபடி வெளியே இழுப்பது திட்டம். தினமும் நடக்கும் வேலைதான்.

உதவி மருத்துவர் பெரிய ஸ்கோப்பிலிருந்து கேபிளைக் கழற்றினார். சின்ன ஸ்கோப் இன்னும் கைக்கு வரவில்லை. கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ் அதன் லென்ஸை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கேபிளை ஒரு கணம் எங்காவது வைக்க வேண்டும். நோயாளியின் வலது தொடை மேல், டிரேப்பில் வைத்தார். விளக்கை ஸ்டாண்ட்பையில் (அணைக்காமல் வெளிச்சத்தை மட்டும் நிறுத்தி வைக்கும் நிலையில்) போடும் பொத்தான் டிராலியில், அறுவைக் குழு கை வைக்கக்கூடிய கிருமியற்ற பகுதிக்கு வெளியே இருந்தது. அதை அழுத்த வேண்டிய நர்ஸ் பித்தப்பைக்கான டப்பாவை எடுக்கப் போயிருந்தார்.

கேபிளின் முனை டிரேப்பின் மடிப்புக்குள் சரிந்துவிட்டது. முனை வெளியே தெரிந்திருந்தால் வெளிச்சம் கண்ணில் அடித்து யாராவது எடுத்திருப்பார்கள். மடிப்புக்குள் போனதால் வெளிச்சமே தெரியவில்லை.

"டாக்டர், ஏதோ கருகுற வாசனை வருது" என்று முதலில் சொன்னவர் ஸ்க்ரப் நர்ஸ். அறுவை மருத்துவர் திசுவைக் கருக்கும் காட்டரியின் வாடை என்று நினைத்தார். காட்டரியை அணைத்து வெகுநேரம் ஆகிவிட்டது என்று நர்ஸ் சொன்னதும்தான் எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். கேபிளைத் தூக்கியபோது டிரேப்பில் ஓட்டை விழுந்திருந்தது. கீழே தோலில் நீள்வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் சிவப்பு. கழற்றியதிலிருந்து அதுவரை ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது என்பதே எல்லோருடைய மதிப்பீடும்.

ஸலைனில் நனைத்த துணியால் இடத்தைக் குளிர்வித்தார்கள். சுத்தமான துணியால் மூடி, அறுவையை முடித்து, பின்னர் காயத்தைப் படம் எடுத்துக் குறிப்பேட்டில் பதிந்தார்கள்.

மயக்கத்தில் இருந்தவர் வலியை உணரவில்லை. காலை இழுத்துக்கொள்ளவோ கத்தவோ முடியாதவர். தீக்காயத்துக்கு உடம்பு தரும் முதல் எச்சரிக்கையே அறுவை மேசையில் கிடையாது.

மறுநாள் காலை அறுவை மருத்துவரே போய் நோயாளியிடமும் அவர் கணவரிடமும் நடந்ததைச் சொன்னார். "வயித்துல ஆபரேஷன், தொடையில எதுக்கு டாக்டர் கட்டு?" என்று அந்த அம்மா ஏற்கெனவே நர்ஸிடம் கேட்டிருந்தார். காயம் தோலின் மேலடுக்கைத் தாண்டியது, ஆனால் முழு ஆழம் போகவில்லை. சில வாரங்களில் ஆறியது. கருத்த தழும்பு ஒன்று மிஞ்சியது.

டிரேப் சொன்ன செய்தி

ஸ்க்ரப் நர்ஸ் அந்த டிரேப்பைக் குப்பையில் போடாமல், ஓட்டை விழுந்த பகுதியை வெட்டிப் பையில் போட்டு வைத்திருந்தார். ஆய்வுக்கு இதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்யவில்லை.

ஓட்டையின் விளிம்பில் பிளாஸ்டிக் உருகி, சிறு மணிகளாகத் திரண்டு இறுகியிருந்தது. உள்விளிம்பு பழுப்பாகக் கருகியிருந்தது. பாலிபுரொப்பிலீன் உருக 160 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அப்படியானால் அந்த இடம் 160-ஐத் தாண்டியிருக்கிறது. எந்தக் கருவியும் இல்லாமல் ஓட்டையே வெப்பநிலையைச் சொல்லிவிட்டது.

தோலுக்கு அவ்வளவு தேவையே இல்லை. 44 டிகிரியில் தோல் சுட ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிடிக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். 60 டிகிரியில் சில நொடிகள் போதும். 1940-களில் செய்யப்பட்ட சோதனைகளிலிருந்து வந்த இந்த அளவுகளைத்தான் இன்றும் பலர் அடிப்படையாகக் கொள்கிறார்கள்.

சரி, வெறும் வெளிச்சத்துக்கு இவ்வளவு சூடு எப்படி வருகிறது? கேபிள் முனையிலிருந்து வெளிவரும் ஒளி ஆற்றல் சில வாட்தான். 3 வாட் என்றே வைத்துக்கொள்வோம். அது 4.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் வழியே வருகிறது, பரப்பு 0.18 சதுர சென்டிமீட்டர். ஆக, ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பதினாறு வாட்டுக்கு மேல். உச்சி வெயில் தருவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.1 வாட். உச்சி வெயிலைப் போல 160 மடங்கு ஒரு சிறு புள்ளியில் விழுகிறது.

லைட் சோர்ஸில் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் வடிகட்டி இருக்கிறதே என்று, நிகழ்வை ஆராயக் கூடிய கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வடிகட்டி சூட்டின் ஒரு பங்கை நிறுத்துகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் ஆற்றல்தான். அதை ஒரு துணி உறிஞ்சினால் அது சூடாகத்தான் மாறும். அடர்நிறத் துணி அதிகமாக உறிஞ்சும். எல்.இ.டி. லைட் சோர்ஸ் வாங்கினால் தொல்லை தீர்ந்தது என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். அதில் அகச்சிவப்பு மிகக் குறைவு, ஆனால் வயிற்றுக்குள் அதே அளவு வெளிச்சம் வேண்டுமென்றால் கேபிள் முனையில் அதே அளவு ஒளி ஆற்றல் வந்தாக வேண்டும்.

ஸ்கோப்பில் மாட்டியிருக்கும்போது ஏன் பிரச்சினை இல்லை? தண்டில் மாட்டும் இடத்திலேயே ஒரு பகுதி ஒளி வீணாகிறது. மிச்சம் ஸ்கோப்பின் நுனியில் விரிந்து, ஈரமான, இரத்தம் ஓடும் திசு மேல் தூரத்திலிருந்து விழுகிறது. ஆபத்து கழற்றி வைத்த நொடியில் தொடங்குகிறது.

விதி மட்டும் போதுமா

நடைமுறை ஏற்கெனவே இருந்தது: ஸ்கோப்பில் மாட்டிய பிறகே விளக்கு; விளக்கை நிறுத்திய பிறகே கழற்றுவது. அரங்கின் சுவரிலும் ஒட்டியிருந்தது. நான் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினேன். விதி தெரியாதவர் ஒருவர்கூட இல்லை.

அப்புறம் ஏன் பின்பற்றவில்லை? பொத்தான் எட்டாத இடத்தில். அதை அழுத்த வேண்டியவருக்கு அந்த நேரத்தில்தான் வேறு வேலைகள் குவிகின்றன. டப்பா, தையல் நூல், எண்ணிச் சரிபார்ப்பது எல்லாம் அறுவையின் முடிவில் ஒன்றாக வரும். ஸீனான் விளக்கை அடிக்கடி அணைத்து ஏற்றினால் ஆயுள் குறையும் என்பதால் அணைக்கத் தயக்கம். ஸ்டாண்ட்பை வசதி இருந்தாலும் பழக்கம் அணைப்பதைத் தவிர்ப்பதாகவே ஊறிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேபிளைக் கழற்றி வைப்பது ஒரு கணம்தான் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

கூட்டத்தில் மீண்டும் பயிற்சி கொடுத்தால் போதும் என்று ஒரு கருத்து வந்தது. பயிற்சி கொடுத்தோம். ஆனால் யாரும் நினைவில் வைத்திருக்காத வேளையிலும் வேலை செய்யும் தடுப்பு ஒன்று வேண்டும் என்று ஸ்க்ரப் நர்ஸ் வலியுறுத்தினார். கூட்டமும் அதை ஏற்றது. அதன்பின் வந்த ஒவ்வொரு யோசனையையும் இந்த ஒரே கேள்வியால்தான் வடிகட்டினோம்: மறந்துபோனால் என்ன ஆகும்?

விட்ட வழிகள்

ஈரத் துணிமேல் வைப்பது பழைய வழக்கம். காய்ந்தால் பயனில்லை; வைக்க மறந்தாலும் பயனில்லை. டிரேப்பில் ஒட்டும் பை ஒன்றில் செருகுவதும் அப்படித்தான், கை அங்கே போக வேண்டும்.

கேபிள் கழன்றதும் தானாக ஒளியைக் குறைக்கும் மின்னணு அமைப்பு மிகச் சரியான வழி. சில புதிய லைட் சோர்ஸ்களில் அப்படிப்பட்ட வசதி வருகிறது. ஆனால் இருக்கும் பெட்டிகளை மாற்ற முடியாத இடங்களுக்குத்தான் எங்களுக்கு விடை தேவைப்பட்டது. பழைய பெட்டிக்குள் கை வைத்தால் அதன் பாதுகாப்புச் சான்று கேள்விக்குள்ளாகும்.

முனையை மூடிக்கொள்ளும் மூடி எல்லோருக்கும் பிடித்திருந்தது. கழற்றினால் சுருள்வில் மூடியைத் தள்ளும், ஒளி அடைபடும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது கைவிட்டோம். அடைபட்ட 3 வாட் எங்கே போகும்? அந்தச் சின்ன உலோக மூடியே காற்றில் 100 டிகிரியை நெருங்கும் அளவுக்குச் சூடேறும். ஓட்டை போடும் முனைக்குப் பதிலாகச் சூடான உலோகத்தைத் தொடை மேல் வைத்ததுபோல் ஆகும். வெப்பம் கடத்தாத உறை போட்டால் பெரிதாகும், விலை ஏறும், சுத்தம் செய்யக் கடினமாகும்.

ஒளியை அடைப்பதைவிட அதை விரிந்து போக விடுவது மேல் என்பது இங்கேதான் தெளிவானது.

வடிவம்

கேபிள் முனையிலிருந்து ஒளி கூம்பாக விரிகிறது. அரைக்கோணம் 30 டிகிரி என்று கொண்டால், முனைக்கும் துணிக்கும் 10 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே ஒளி விழும் பரப்பு பதினோரு மடங்குக்கு மேல் பெரிதாகும். 25 மில்லிமீட்டரில் ஐம்பது மடங்கை நெருங்கும். உச்சி வெயிலின் 160 மடங்கு, மூன்று நான்கு மடங்காக இறங்கிவிடும். இடைவெளி ஒன்று போதும். மின்சாரமோ சென்சாரோ வேண்டாம்.

அந்த இடைவெளியைக் காக்க முதலில் ஒரு குழாயைத்தான் வரைந்தோம். மூடிய குழாயின் சுவர் ஒளியை உறிஞ்சிச் சூடாகும் என்பதால் அதை விட்டுக் கம்பிக்கு வந்தோம். கருவியின் உருவம் இதுதான்: துருப்பிடிக்காத 316 வகை எஃகுக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, கேபிளின் கைப்பிடியை இறுகப் பிடிக்க வைத்தோம். சுருளிலிருந்து இரண்டு அகன்ற வளையங்கள் முன்னோக்கி நீள்கின்றன. கம்பியின் முனை எங்கும் வெளியே நீட்டாது. இரண்டும் மூடிய வளையங்கள், கையுறையைக் கிழிக்காது.

வளையங்களை முதலில் நேராகத்தான் நீட்டியிருந்தோம். விளக்கை எரியவிட்டுப் பார்த்தபோது முனையை ஒட்டிய கம்பி சூடாகி, துணியில் கோடாகத் தடம் பதித்தது. ஆகவே தொடக்கத்திலேயே கம்பியை ஒளிக்கூம்புக்கு வெளியே விரித்தோம். விரித்தால் வாய் அகலமாகிறது, அறுவை மருத்துவர் "கைக்குப் பெரிசா இருக்கு" என்றார். இடைவெளி 30 மில்லிமீட்டர் என்று தொடங்கியது 25 ஆனது இதனால்தான். இந்த ஐந்து மில்லிமீட்டருக்காக நடந்த விவாதம், பொருள் தேர்வுக்கு நடந்ததைவிடப் பெரியது.

இரண்டு வளையங்களுக்கும் நடுவில் விட்ட இடைவெளியில்தான் இந்த வடிவத்தின் சாரமே இருக்கிறது. கேபிளைத் தண்டில் மாட்டும்போது ஸ்கோப்பின் உடல் அந்த இடைவெளிக்குள் தானாகப் புகுந்துகொள்கிறது. எதையும் பின்னால் தள்ள வேண்டாம், கழற்றும்போது எதையும் முன்னால் இழுக்க வேண்டாம். முன்பு வரைந்த நகரும் வளையத்தை ஒதுக்கியதற்கும் அதுவே காரணம்: அதை முன்னே தள்ள ஒருவர் மறக்காமல் இருக்க வேண்டும்.

கைப்பிடியின் தடிமன் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அதனால் சுருளுக்கு அடியில் சிலிகோன் உறை ஒன்று. கம்பியைச் சிலிகோனுக்குள் பதித்து வார்த்தால் ஒரே துண்டாக அழகாக இருக்கும் என்று வடிவமைப்பில் உதவிய பொறியியல் மாணவர் சொன்னார். கருவிகளைச் சுத்திகரிக்கும் பிரிவின் டெக்னீஷியன் உடனே மறுத்தார். கம்பி உள்ளே நுழையும் அந்த வாயில் இரத்தம் தங்கும், எந்தத் தூரிகையும் உள்ளே போகாது என்றார். அவர் சொன்னபடி இரண்டும் தனித்தனியாகக் கழலும்படி செய்தோம். இரண்டுமே கிருமி நீக்கும் நீராவிக் கலனான ஆட்டோகிளேவின் 134 டிகிரியைத் தாங்கும்.

விலை குறைவாக அமைந்ததற்குக் காரணம் பொருள் மலிவு என்பது மட்டும் அல்ல. கம்பி வளைக்கும் எந்தப் பட்டறையிலும் இதைச் செய்யலாம். வார்ப்பு அச்சு தேவையில்லை. ஒவ்வொரு அறுவைக்கும் புதிது வாங்க வேண்டியதில்லை. ஒரு புதிய கேபிளின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய பங்குதான்.

மேசைச் சோதனை

நோயாளி அருகே கொண்டுபோகும் முன் மேசையில் சோதித்தோம். 37 டிகிரியில் வைத்த ஜெல் திண்டு, அதன்மேல் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள், அதன்மேல் அதே நீல டிரேப். லைட் சோர்ஸ் முழு வெளிச்சத்தில்.

வெறும் முனையை வைத்தபோது டிரேப் சுருங்கி உருகியது. அடியில் வெப்பநிலை நொடிகளில் 44-ஐத் தாண்டி ஏறியது. காப்பு மாட்டிய முனையில் டிரேப் உருகவில்லை. அடியில் சூடு மெதுவாக ஏறியது. 44-ஐ எட்டப் பல நிமிடங்கள் பிடித்தன. உயிருள்ள தோலில் இரத்த ஓட்டம் சூட்டை எடுத்துப் போகும், ஜெல்லில் அது இல்லை என்பதால் இது கடுமையான சோதனைதான். இருந்தாலும் அது எட்டியது என்பதை அறிக்கையில் முதல் வரியாக எழுதினோம். இந்தக் காப்பு நேரம் வாங்கித் தருகிறது. மணிக்கணக்கில் மறந்து கிடக்க அனுமதி தரவில்லை.

நர்ஸ் ஒருவர் வேண்டுமென்றே டிரேப்பைக் கசக்கி வளையங்களுக்கு நடுவே திணித்துப் பார்த்தார். கையால் அழுத்தினால் துணி முனையைத் தொட முடிந்தது. தன் எடையில் மட்டும் கிடந்தபோது தொடவில்லை. இந்த வேறுபாட்டையும் குறித்துக்கொண்டோம்.

அரங்கில்

மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவும் பாதுகாப்புக் குழுவும் ஒப்புதல் தந்த பிறகு, ஒரே அரங்கில், ஒரே குழுவோடு தொடங்கினோம். ஸ்டாண்ட்பை விதி அப்படியே தொடர வேண்டும் என்பது நிபந்தனை. கூடவே, டிராலியைத் திருப்பி, பொத்தான் நர்ஸ் நிற்கும் பக்கம் வரும்படி வைத்தார்கள். செலவே இல்லாத மாற்றம்.

கேபிளை டிரேப்மேல் வைக்கும் பழக்கம் நிற்கவில்லை. நிற்கும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. வைத்த பிறகு டிரேப்பில் உருகல் இருக்கிறதா என்று ஒவ்வொரு அறுவைக்குப் பின்னும் ஸ்க்ரப் நர்ஸ் பார்த்துக் குறித்தார். கண்காணித்த காலத்தில் உருகல் எதுவும் பதிவாகவில்லை. இதை வைத்துக் காப்பு தீக்காயத்தைத் தடுத்தது என்று சொல்லிவிட முடியாது. இப்படிப்பட்ட காயம் அரிதாகவே பதிவாகிறது. ஒரே அரங்கின் அனுபவம் அதற்குச் சான்றாகாது.

எதிர்பாராத நன்மை ஒன்று கிடைத்தது. முனை துணியில் புதையாததால், கழற்றிய கேபிளின் வெளிச்சம் இப்போது கூரையிலோ சுவரிலோ பளிச்சென்று அடிக்கிறது. அது கண்ணை உறுத்துவதால் யாராவது உடனே "லைட் ஸ்டாண்ட்பை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

தொல்லைகளும் இருந்தன. ஸ்கோப்பை முழு ஆழத்துக்கு உள்ளே தள்ளும்போது, சிலவற்றில் வளையம் டிரோக்காரின் (துளையில் செருகிய, ஸ்கோப் நுழையும் குழாயின்) தலையில் இடித்தது. வளையத்தின் வளைவைச் சற்றுப் பின்னோக்கி மாற்றியதும் பெரும்பாலும் சரியானது.

காப்பு தொடாத ஆபத்துகள்

ஸ்கோப்பில் மாட்டிய நிலையில், ஸ்கோப்பின் நுனியும் சூடாகத்தான் இருக்கும். வயிற்றிலிருந்து எடுத்த ஸ்கோப்பை விளக்கு எரிய டிரேப்மேலோ குடல்மேலோ சாய்த்து வைத்தால் இந்தக் கம்பி எதுவும் செய்யாது. ஆல்கஹால் கலந்த கிருமிநாசினி முழுவதும் உலராமல் டிரேப் போர்த்தினாலோ, முகத்தருகே ஆக்ஸிஜன் தேங்கினாலோ, சுடுவது தீப்பிடிப்பதாகவே மாறலாம். இந்த இரண்டையும் பயிற்சிக் குறிப்பில் தனித்தனியாக எழுதி வைத்தோம், காப்பு இருக்கிறது என்ற துணிச்சலில் யாரும் இவற்றை விட்டுவிடக் கூடாது என்பதற்காக.

மீண்டும் தொடங்கினால்

சுத்திகரிப்புப் பிரிவு டெக்னீஷியனை முதல் கூட்டத்திலிருந்தே உட்கார வைக்க வேண்டும். அவர் வந்த பிறகுதான் வடிவம் எளிமையானது, மலிவானது. டிரேப்பைப் பாதுகாத்து வைப்பதை நிகழ்வு அறிக்கையின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும். இந்த முறை அது ஒரு நர்ஸின் சமயோசிதத்தால் மட்டுமே கிடைத்தது. நோயாளிக்குக் காயம் இல்லாமல் டிரேப் மட்டும் உருகிய நிகழ்வுகளையும் எழுதச் சொல்ல வேண்டும். விசாரித்தபோது, முன்பு அப்படிப்பட்ட ஓட்டைகளைப் பார்த்ததாகப் பலர் சொன்னார்கள். ஒன்றுகூட எழுத்தில் இல்லை.

காது மூக்கு தொண்டைப் பிரிவிலிருந்து இதே காப்பைக் கேட்டார்கள். அவர்களுடைய 4 மில்லிமீட்டர் ஸ்கோப்பைப் பிடிக்கும் கை, தண்டுக்கு மிக அருகில் இருப்பதால் வளையங்கள் விரலில் இடிக்கின்றன. அவர்களுக்காக ஒற்றை வளைய வடிவம் ஒன்று மேசைச் சோதனையில் இருக்கிறது. ஒற்றை வளையத்தில் முனை ஒருபக்கம் சாய்ந்தால் இடைவெளி பாதியாகிறது. அது தீரும்வரை அந்தப் பிரிவில் ஸ்டாண்ட்பை விதியும், கேபிளை வைக்கத் தனியாக ஒரு உலோகத் தட்டும்தான்.